அப்புவின் பிறந்தநாளும் அரசாங்கத்தின் விடுமுறையும்

எனது தாய்வழிப் பாட்டனாரை நாங்கள் அப்பு என்றே அழைப்போம். அவருக்கு வருடந்தோறும் மூன்று பிறந்தநாட்கள் வரும். ஓய்வூதியக் கோவையில் எழுதப்பட்டிருந்த பிறந்தநாள் ஏப்ரல் 28. சாதகத்தில் எழுதப்பட்டிருந்த பிறந்தநாள் சித்திரை மாதத்துச் சித்திரை நட்சத்திரம். மூன்றாவது பிறந்தநாளை அவர் தாமே எடுத்துக்கொண்டார். அது வெசாக்.

"எட தம்பி, நான் பிறந்த அண்டைக்குத்தான் விக்ரோறியா மகாராணியின்ரை ஆட்சியிலை முதன்முதல் வெசாக்குக்கு லீவு விட்டது. என்னைக் கேட்டோ விட்டவங்கள்?" என்று சொல்லிவிட்டுத் தாமே சிரிப்பார்.

சிறுவயதில் இதை முதியவர் ஒருவரின் வேடிக்கைப் பேச்சு என்றே எண்ணியிருந்தேன். பத்திரிகைத் தொழிலுக்கு வந்து, பழைய நூல்களைப் புரட்டும் பழக்கம் ஏற்பட்ட பின்னரே, அப்புவின் கணக்குச் சரியானது என்பதை அறிந்தேன். அவர் பிறந்தது 1885 ஆம் ஆண்டு, தமிழ்க் கணக்கில் பார்த்திப வருடம், சித்திரை மாதம். அந்த ஏப்ரல் 28 ஆம் திகதிதான், பிரித்தானிய ஆட்சியில் வெசாக் பொது விடுமுறையாக முதன்முதல் அனுட்டிக்கப்பட்ட நாள்.

அந்த விடுமுறை எவ்வாறு வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புவின் கதைக்கு அது அவசியம்.

1883 ஆம் ஆண்டு மார்ச் 25 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொட்டாஞ்சேனையில் தீபதுத்தாராம விகாரை இருக்கிறது. சற்றுத் தூரத்தில் கத்தோலிக்கரின் புனித லூசியா பேராலயம். விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் ஒன்றுக்கும் கத்தோலிக்கருக்கும் இடையில் அன்று கலகம் மூண்டது. இரத்தம் சிந்தப்பட்டது. குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை என்ற ஆத்திரம் பௌத்தர்களிடையே வளர்ந்தது. 1884 சனவரியில் கொழும்பிலே ஒரு பாதுகாப்புக் குழு அமைந்தது. பிரம்மஞான சபையைச் சேர்ந்த அமெரிக்கரான கேணல் ஒல்கொட் அவர்களின் சார்பில் இலண்டன் சென்று குடியேற்ற அலுவலகத்தில் முறையிட்டார். வெசாக் நாளை விடுமுறையாக்க வேண்டும் என்பதும் அவர் கொண்டுசென்ற கோரிக்கைகளில் ஒன்று. அப்போதைய தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் 1885 இல் அதனை வழங்கினார். அந்த வெசாக் அன்று, அதே கொட்டாஞ்சேனை விகாரையில், பாணந்துறை விவாதத்தால் புகழ்பெற்ற மீகெட்டுவத்தே குணானந்த தேரர் பௌத்த கொடியை முதன்முதலாக ஏற்றினார். இன்று உலகெங்கும் பறக்கும் கொடி அதுவே.

இருநூறு மைலுக்கும் அப்பால், வலிகாமத்துக் கிராமம் ஒன்றில், ஒரு மண்வீட்டில், அதே நாளில் அப்பு பிறந்தார். கொழும்பில் நடந்தது எதுவும் அங்கு ஒருவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் வருவதற்கே இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன.

யாழ்ப்பாணத்தார் முழுநிலவைப் பறுவம் என்பர். சித்திரை மாதத்துப் பறுவம் சித்திரா பௌர்ணமி. வெசாக்கும் அதுவும் எல்லா வருடமும் ஒன்றாக வருவதில்லை. முழுநிலவு ஏப்ரல் கடைசியிலோ மே முற்பாதியிலோ வந்தால் இரண்டும் பெரும்பாலும் ஒரே நாளில் அமையும். மே பிற்பகுதியில் வந்தால் வெசாக் நமது வைகாசிக்குப் போய்விடும்; சித்திரைப் பறுவம் ஒரு மாதம் முந்திவிடும். ஆகவே அப்புவின் மூன்று பிறந்தநாட்களும் சில வருடங்களில் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். சில வருடங்களில் மூன்று திசைகளில் சிதறிக் கிடக்கும். பஞ்சாங்கம் வாங்கியதும் அப்பு முதலில் பார்ப்பது இதைத்தான்.

சித்திரா பௌர்ணமி வேறு இரண்டு காரணங்களாலும் அப்புவுக்கு உரிய நாளாயிற்று.

முதலாவது, அது சித்திரகுப்தனின் நாள். யமதருமனின் அவையில் மனிதரின் பாவ புண்ணியங்களைக் கணக்கெழுதும் அந்தக் கணக்குப்பிள்ளை அன்றுதான் பிறந்தான் என்பது ஐதிகம். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் அன்று சித்திரபுத்திரனார் கதை படிப்பார்கள். பெரிய கிடாரங்களில் கஞ்சி காய்ச்சி ஊருக்கு வார்ப்பார்கள். சிவப்புப் பச்சையரிசியும் பயறும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்தக் கஞ்சியைப் பலாவிலையைக் கோலி, ஈர்க்கினால் குத்தி, ஊதி ஊதிக் குடித்த நினைவு என் வயதுக்காரர் பலருக்கும் இருக்கும். அப்புவோ அரசாங்க லிகிதர். முப்பத்தைந்து வருடம் பேரேடு எழுதிய மனிதர். ஊரில் அவருக்குக் கிளாக்கர் என்பதுதான் பெயர். "சித்திரகுப்தனும் நானும் ஒரு நாள் பிறந்த கிளாக்கர்மார். அவனுக்குப் பென்சன் இல்லை, எனக்கு இருக்கு" என்பார்.

இரண்டாவது காரணத்தைச் சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை. தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசையில் விரதம் இருப்பதுபோல், தாயை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமியில் விரதம் இருப்பது எங்கள் பகுதி வழக்கம். அப்புவின் தாயார் அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது காய்ச்சலில் இறந்துபோனார். அதன்பின் பிறந்தநாளும் தாய்க்கு விரதமிருக்கும் நாளும் அவருக்கு ஒன்றாகின. காலையில் நீராடி, பிதிர்க்கடன் கழித்து, மத்தியானம் ஒருவேளை மரக்கறிச் சோறு. பிறந்தநாள் என்று ஒரு கரண்டி பாயசம் அவர் வாயில் போவது நிலவு எழுந்த பிறகுதான். பெற்றவளை நினைத்துப் பட்டினி கிடந்த பிறகே பிறந்ததற்கு இனிப்பு உண்ணலாம் என்பது அவர் வகுத்த விதி. எங்கள் வீட்டில் எவரும் அதை மீறியதில்லை.

வடபகுதிப் புகையிரதப் பாதை 1905 இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அப்பு கொழும்பில் உத்தியோகம் ஏற்றார். யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற இளைஞர்கள் பலர் கூடி ஒரு வாடகை வீட்டில் தங்கிச் சமையற்காரர் ஒருவரை வைத்துக்கொள்வது அக்காலத்து ஏற்பாடு. அப்பு தங்கிய வீடு கொட்டாஞ்சேனையில், விகாரைக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. முதலாவது வெசாக் அன்று தெருவெங்கும் கூடுகளும் தோரணங்களும் எழுந்ததைக் கண்டு அவர் திகைத்துப்போனாராம். அலுவலகத்தில் பக்கத்து மேசையிலிருந்த சிங்கள லிகிதர்தான், இந்தக் கொடியை முதலில் ஏற்றிய இடம் இதுதான் என்றும், அது இன்ன வருடம் இன்ன திகதி என்றும் சொன்னார். அப்பு தமது நியமனக் கடிதத்தை எடுத்துப் பிறந்த திகதியைக் காட்டினார். அன்றிலிருந்து அந்த நண்பர் வீட்டில் அப்புவுக்கு "வெசாக் மல்லி" என்று பெயர். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

அந்த வீட்டு முதிய தாயார், வெசாக்கும் சித்திரைப் பறுவமும் ஒன்றாக வரும் வருடங்களில், அப்புவுக்கென மரக்கறிக் கறிகளும் சோறும் கட்டி அனுப்புவார். அவர்களும் அன்று சில் எடுத்து மத்தியானத்தின் பின் உண்ணாமல் இருப்பவர்கள். "அவையும் விரதம், நானும் விரதம். அவை புத்தருக்கு, நான் என்ரை கொம்மாவுக்கு" என்று அப்பு சொன்னபோது நான் ஒரு கேள்வி கேட்டேன். என் கொம்மா அல்லவே, உங்கள் கொம்மா அல்லவா என்று. யாழ்ப்பாணத்தில் கொம்மா என்றால் உன் அம்மா என்று பொருள். அப்பு ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "ஓம், என்ரை அம்மா" என்று திருத்திக்கொண்டார். எழுபது வருடங்களுக்கு மேலாக அந்தச் சொல்லை அவர் எவரையும் நோக்கிச் சொல்லியிருக்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்பு ஒரு நீளக் கொப்பி வைத்திருந்தார். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு பக்கம். வரவுப் பக்கத்தில் வந்தவர்களின் பெயர், கிடைத்த வேட்டி, மாமரம் காய்த்தது, பேரப்பிள்ளை பிறந்தது ஆகியவை இருக்கும். செலவுப் பக்கத்தில் காசுக் கணக்கு மட்டுமல்ல. அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களும் இருக்கும். எவரிடமாவது கோபத்தில் சொன்ன வார்த்தையும் இருக்கும். இரண்டு பக்கமும் எழுதாத கணக்குக் கணக்கே அல்ல என்பது அவர் கட்சி.

1945 இல் பார்த்திப வருடம் திரும்பி வந்தது. அறுபது வருடச் சக்கரம் ஒரு சுற்று முடிந்தது. போர்க்காலம், அரிசி பங்கீட்டில் இருந்தது. அறுபதாம் நிறைவை ஆடம்பரமாகச் செய்ய அப்பு மறுத்துவிட்டார். குரக்கனையும் சேர்த்து வழக்கமான கஞ்சியே காய்ச்சப்பட்டது என்று அம்மா சொல்வார். அடுத்த பெரிய நாளுக்கு இருபது வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அது வந்தபோது நானும் இருந்தேன்.

ஆயிரம் பிறை கண்டவர் என்று ஒருவரைச் சிறப்பிப்பது நம்மவர் மரபு. நிலவு ஒருமுறை தேய்ந்து வளர ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாட்கள். ஆயிரம் முறை என்றால் எண்பது வருடமும் பத்து மாதமும். அப்பு இதைத் தாளில் கணக்கிட்டு வைத்திருந்தார். அவரது ஆயிரமாவது முழுநிலவு 1966 மார்ச் மாதத்தில் வந்தது. விழாவை இரண்டு மாதம் தள்ளி, மே மாத முதல் வாரத்தில் வந்த சித்திரைப் பறுவத்தில் வைப்போம் என்று என் மாமாமார் தீர்மானித்தார்கள். காரணம், நாட்டில் விடுமுறைகளே அப்போது தலைகீழாகிப் போயிருந்தன.

இளைய தலைமுறையினர் பலருக்கு இது தெரியாது. 1966 தொடக்கம் 1971 வரை இலங்கையில் சனி, ஞாயிறு வார விடுமுறை இருக்கவில்லை. டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் 1965 இல் நிறைவேற்றிய விடுமுறைச் சட்டத்தின்படி, நிலவின் நான்கு நிலைகளே வார விடுமுறைகளாயின. அமாவாசை, வளர்பிறை நடு, முழுநிலவு, தேய்பிறை நடு. இந்த நான்கும் போயா. தமிழில் நோன்மதி தினம். போயாவுக்கு முந்திய நாள் அரைநாள் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை மற்றைய நாட்களைப் போல ஒரு வேலைநாள். தமிழரசுக் கட்சியும் அன்றைய அரசாங்கத்தில் பங்காளியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

நிலவின் கால் பங்கு ஏழு நாட்களுக்குள் அடங்குவதில்லை. ஏழேகால் நாளுக்கும் சற்று மேலே போகும். ஆகவே சில வாரங்கள் எட்டு நாட்களாக நீண்டன. அடுத்த விடுமுறை என்ன கிழமையில் வரும் என்று நாட்காட்டியைப் பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது. கொழும்பு வங்கிகளும் துறைமுகமும் திறந்திருக்கையில் இலண்டன் மூடியிருக்கும். இலண்டன் திறந்திருக்கையில் கொழும்பு மூடியிருக்கும். சைவர்களுக்கும் ஒரு சங்கடம் இருந்தது. நிலவின் நடுநிலை பெரும்பாலும் அட்டமியை ஒட்டி வரும். அட்டமியில் நல்ல காரியம் தொடங்கலாகாது. அமாவாசை விரத நாள். ஆகவே விடுமுறையில் ஒரு கலியாணம் வைப்பதே பெரும்பாடாயிற்று.

எங்கள் குடும்பத்துக்கு மட்டும் அந்த மே மாதம் அனுகூலமாக அமைந்தது. முழுநிலவும் அதற்கு முந்திய அரைநாளும் வார நடுவில் சேர்ந்து வந்தன. கொழும்பிலிருந்தும் அனுராதபுரத்திலிருந்தும் மாமாமார் லீவு போடாமலே வந்து இறங்கினார்கள். "அப்புவின்ரை பிறந்தநாளுக்குத்தான் டட்லி சட்டம் கொண்டுவந்தவர்" என்று சின்ன மாமா கேலி செய்தார். அப்பு வழக்கம்போலச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் சிரிக்கவில்லை.

அதற்குக் காரணம் பக்கத்து வளவில் இருந்த வாத்தியார். அவர் கத்தோலிக்கர். சதுரங்கத்தில் அப்புவுக்கு ஈடுகொடுக்கக்கூடிய ஒரே மனிதர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசைக்குப் போய்வந்து, மனைவி மக்களுடன் இருந்து சாப்பிட்டு, பிற்பகலில் எங்கள் திண்ணைக்கு வந்து அப்புவுடன் ஆடுவது இருபது வருடத்து வழக்கம். 1966 சனவரியில் அது நின்றுபோனது. ஞாயிறு பாடசாலை நாள். விடியப் புறம் இருட்டோடு பூசைக்கு ஓடி, அங்கிருந்து நேரே பாடசாலைக்குச் சைக்கிளில் போவார். பிள்ளைகளும் அப்படியே. முழுநிலவு நாளில் அவருக்கு ஓய்வுதான். ஆனால் அன்று அப்பு கோயிலில் இருப்பார்.

நாங்கள் கேலி செய்துகொண்டிருந்தபோது அப்பு கேட்டார்: "வாத்தியாருக்குச் சொன்னியளோ?"

சொன்னோம், வருவார் என்று மாமா பதில் சொன்னார்.

"வருவார். அவருக்கு இண்டைக்கு லீவு. ஆனால் அவர் கேட்ட லீவோ இது? ஞாயிற்றுக்கிழமையை அவரிட்டை இருந்து எடுத்தெல்லோ எனக்குப் பறுவத்தைத் தந்திருக்கிறாங்கள். வரவு எழுதினால் செலவும் எழுத வேணும்."

சின்ன மாமா விடவில்லை. எத்தனையோ நூற்றாண்டாக வெள்ளைக்காரன் ஞாயிறை எல்லார் தலையிலும் கட்டினான், அதற்கு யார் செலவு எழுதினார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அப்புவின் பதில் இன்றும் என் காதில் இருக்கிறது.

"அதுவும் எழுத வேண்டியதுதான். அதை எழுதாமல் விட்டபடியால்தான் கொட்டாஞ்சேனையிலை அடிபட்டவங்கள். அந்த இரத்தத்துக்குப் பிறகுதான் நான் பிறந்த அண்டைக்கு லீவு வந்தது. ஒரு கணக்கைப் பிழையாய் எழுதினவன் இன்னொரு பிழையாலை அதைச் சரிக்கட்டப் பாக்கக் கூடாது, தம்பி. பேரேடு கெட்டுப் போகும்."

விழா நடந்தது. ஐயர் கும்பம் வைத்து அபிடேகம் செய்தார். அப்பு தாய்க்குரிய விரதத்தை விடாமல், ஆயிரம் பிறை கண்ட அன்றும் மத்தியானம் ஒருவேளை மட்டும் உண்டார். கோயிலில் கதை படிப்பு, கஞ்சி. நிலவு எழுந்ததும் பாயசம். வாத்தியாரும் குடும்பமும் வந்திருந்து, வாழ்த்தி, உண்டு போனார்கள்.

அடுத்த ஞாயிறு பிற்பகல், விருந்தினர் எல்லாம் போய்விட்ட பின், அப்பு என்னை அழைத்தார். ஒரு தூக்குச்சட்டியில் பாயசமும் வாழையிலையில் வடையும் கட்டச் சொன்னார். சதுரங்கப் பலகையைத் தாம் எடுத்துக்கொண்டார். வாத்தியார் பாடசாலையால் வந்து சைக்கிளைச் சாத்திக்கொண்டிருந்த நேரம் நாங்கள் அவர் வீட்டுப் படலையில் நின்றோம்.

"என்ன ஐயா, இந்த நேரத்தில்?" என்று அவர் பதறினார்.

"இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமையெல்லோ வாத்தியார்" என்றார் அப்பு.

அவ்வளவுதான். இருவரும் இருட்டும்வரை ஆடினார்கள். இரண்டு ஆட்டத்திலும் அப்பு தோற்றார். வேண்டுமென்று தோற்கிறவர் அல்ல அவர். பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. அன்றிரவு கொப்பியை என்னிடம் தந்து எழுதச் சொன்னார். வரவுப் பக்கத்தில் வந்தவர்களின் பெயர்களை எழுதினேன். செலவுப் பக்கத்தில் அவர் சொன்ன வரி இது: "ஞாயிறு ஒன்று. வாத்தியாருக்குக் கடன்." அதன்பின் அவர் நடமாடிய காலமெல்லாம் ஞாயிறு பிற்பகல்களில் அப்புதான் வாத்தியார் வீட்டுக்குப் போனார். ஒவ்வொரு வருடமும் பிறந்தநாள் பக்கத்தில் அந்த வரி திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. கடன் தீர்ந்தது என்று ஒருபோதும் எழுதவில்லை.

1971 இல் போயா வாரம் ஒழிந்தது. உலகத்து வணிகத்தோடு ஒத்துப்போகாமை முதன்மைக் காரணம். சனியும் ஞாயிறும் திரும்பின. முழுநிலவுப் போயா மட்டும் பொது விடுமுறையாக நிலைத்தது. இன்றும் அப்படியே. அந்த ஆண்டு ஆவணியில் அப்பு காலமானார். எண்பத்தாறு வயது. நான் அப்போது கொழும்பில் ஒரு நாளேட்டில் ஒப்புநோக்குநராகச் சேர்ந்து ஒரு வருடம். செத்த வீட்டுக்கு வந்த வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஞாயிறு திரும்பி வந்துவிட்டது தம்பி. ஆடத்தான் ஆளில்லை" என்றார்.

கொப்பி அம்மாவிடம் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது அம்மாவும் மழையில் நடந்தார். கைக்கு அகப்பட்டதை மட்டும் எடுத்த அந்த நேரத்தில் கொப்பி அலுமாரியிலேயே நின்றுவிட்டது. திரும்பிப் போனபோது அலுமாரியும் இல்லை. நான் இங்கு எழுதுபவை யாவும் நினைவிலிருந்து எழுதுபவை.

பத்திரிகைக்காரனுக்கு விடுமுறை இல்லை. நாற்பது வருடங்களாக வெசாக் நாட்களில் நான் மேசையில் இருந்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2009 ஆம் ஆண்டு மே 8 ஆம் திகதி வெசாக். அந்த வருடம் சித்திரைப் பறுவமும் அதே முழுநிலவுதான்; அப்புவின் நாட்கள் ஒன்றாக வந்த வருடம். கொழும்புத் தெருக்களில் கூடுகள் ஒளிர்ந்தன, தன்சல்களில் சனங்கள் வரிசையில் நின்றார்கள். முள்ளிவாய்க்காலில், கடலுக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில், பல்லாயிரம் மக்கள் அகப்பட்டிருந்தார்கள். அவர்களும் வரிசையில் நின்றார்கள், கஞ்சிக்கு. தேங்காய்ப்பாலும் இல்லை, பயறும் இல்லை. உப்பும் நீரும் சிறிது அரிசியும். அந்த வரிசைகள்மீதும் எறிகணைகள் விழுந்தன. பத்து நாட்களில் எல்லாம் முடிந்தது.

அன்றிரவு அலுவலகத்து யன்னலால் அந்த நிலவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாயை இழந்தவர்கள் விரதம் இருக்கும் நாளில், அந்த ஒரு நாளில் மட்டும் எத்தனை பிள்ளைகள் புதிதாக அந்த விரதத்துக்கு உரியவர்கள் ஆனார்கள் என்ற எண்ணம் வந்தது. ஒரே நிலவின் கீழ் இரண்டு வரிசைகள். ஒன்று மற்றதை அறியவில்லை; அறிந்தவர்களும் எழுத முடியவில்லை. எழுத முடியாதவர்களில் நானும் ஒருவன். அப்பு இருந்திருந்தால் அந்த ஆண்டுப் பக்கத்தில் செலவுப் பக்கம் முழுவதையும் நிரப்பிவிட்டு, வரவுப் பக்கத்தை வெறுமையாக விட்டிருப்பார் என்று நினைக்கிறேன். இப்போது ஆண்டுதோறும் மே நடுப்பகுதியில் தமிழர்கள் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிச் சிரட்டைகளில் வார்க்கிறார்கள். எங்கள் கோயில் முற்றத்துக் கிடாரத்தையே அது எனக்கு நினைவூட்டுகிறது.

அப்புவின் வழியில் இன்று நாங்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். கொழும்பில் எஞ்சியிருப்பது நான் ஒருவன். மற்றவர்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்போணிலும் இருக்கிறார்கள். ஆனாலும் சித்திரைப் பறுவம் நெருங்கும்போது ஒவ்வொரு வருடமும் தொலைபேசி ஒலிக்கும். அப்புவை ஒருநாளும் கண்டிராத பூட்டப்பிள்ளைகளுக்கும் அவர் பெயரில் கஞ்சி உண்டு, நிலவு எழுந்த பின் பாயசம் உண்டு. இடைப்பட்ட பட்டினியை இப்போது தாயை இழந்தவர்கள் மட்டும் இருக்கிறார்கள். அவ்வளவு போதும்.

சென்ற முறை ரொறன்ரோவிலிருந்து என் தங்கையின் பேத்தி பேசினாள். பன்னிரண்டு வயது.

"தாத்தா, உங்களுக்கு அங்கை இண்டைக்கு லீவா?"

"ஓம் பிள்ளை. பறுவமெல்லோ, இங்கை எல்லாருக்கும் லீவு."

"எங்களுக்கு லீவு இல்லை. பள்ளிக்கூடம் இருக்கு. அதாலை அப்புவின்ரை பிறந்தநாளை நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்தி வைச்சிருக்கிறம்."

நல்லது பிள்ளை, அப்படியே செய்யுங்கள் என்றேன். வாத்தியாரின் கதையை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. அதற்காகவே இதை எழுதி வைக்கிறேன்.